ஊத்தங்கரைப் பிள்ளைக்குப் பெங்களூர் மாமா எப்போது போன் செய்ய வேண்டும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வழக்கமாக மே மாதத்தின் முதல் பாதியில் வரும். அன்று மாலை அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், நீலசந்திரா, எஜிபுரா என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பெங்களூர்த் தெருக்களில் ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். "மாமா, பாஸ் ஆயிட்டேன். அடுத்து என்ன பண்றது? அங்க ஏதாச்சும் வேலை கிடைக்குமா?" மாமா தயங்குவதில்லை. "கிளம்பி வாடா, பாத்துக்கலாம்."

அந்த அழைப்பில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் போன் மூன்று வருடம் முன்பே, மாமா வீட்டிலிருந்து ஊருக்குப் போயிருக்க வேண்டியது. சின்ன ஊரில் வளரும் பிள்ளையின் வாழ்க்கை பெரும்பாலும் மதிப்பெண்ணில் தடுமாறுவதில்லை. எந்தத் தேதிக்குள் எந்தக் காகிதம், எந்த வகுப்பில் எந்தப் பள்ளி என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் தடுமாறுகிறது. படித்த அப்பா, அம்மா இருக்கும் வீட்டில் இது சாப்பாட்டு நேரப் பேச்சு. ஊத்தங்கரையிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், பல நேரம் பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்தான். அவர் எப்போது எதைச் செய்தால் பலன் உண்டு, நல்ல மனதோடு செய்தும் எது கெடுத்துவிடும் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

ஊத்தங்கரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது ஒரு பேரூராட்சி; தாலுகா தலைமையிடம். தனியார் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன பகுதி. வெளி மாவட்டப் பிள்ளைகள் பணம் கட்டி இங்கே வந்து படிப்பார்கள். அதே ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கலந்தாய்வு என்றால் என்ன என்று வீட்டில் சொல்ல ஆள் இருக்காது. பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூர் வந்துவிடும் என்பதால், ஊரை விட்டுப் போவது இங்கே பெரிய முடிவாகவே தெரிவதில்லை. அந்த எளிமைதான் ஆபத்து.

முதல் போன், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது. கேட்க வேண்டியது மார்க் அல்ல, பெயர். தமிழர் பெயர் முறையில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். பள்ளிப் பதிவேட்டில் 'செல்வம் கோ' என்று இருக்கும். ஆதாரில் 'கோ செல்வம்'. வங்கிக் கணக்கில் வெறும் 'செல்வம்'. பான் அட்டையில் தனி முதலெழுத்தைக் கடைசிப் பெயராக ஏற்க மாட்டார்கள் என்பதால் 'செல்வம் கோவிந்தன்'. ஊரில் இந்த நாலும் ஒரே ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் சம்பளக் கணக்குப் போடும் கணினிக்குத் தெரியாது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்தாவிட்டால், வேலையை விட்டபின் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைய வேண்டும். கல்வி உதவித்தொகையும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஒன்பதாம் வகுப்பில் இதைச் சரிசெய்வது சுலபம். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதாரை மாற்றுங்கள். ஆனால் யோசித்து மாற்ற வேண்டும்: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் திருத்தலாம். ஊர்க் கணினி மையத்தில் அவசரத்தில் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டிவிட்டால் ஒரு வாய்ப்பு வீண். பிறகு பத்தாம் வகுப்பில், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் தயாராகும் பெயர்ப்பட்டியலை, அதாவது ஆசிரியர்கள் 'நாமினல் ரோல்' என்று சொல்வதை, பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் திருத்தம் ஐந்து நிமிட வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் அதே திருத்தத்துக்குத் தலைமையாசிரியரில் தொடங்கித் தேர்வுத் துறை வரை கோப்பு போய் வர வேண்டும்.

அதோடு வங்கிக் கணக்கு. பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு பெரும்பாலும் வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் புதிய கையெழுத்தும் புகைப்படமும் கொடுத்து அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும். ஆதார் எண்ணைக் கணக்கோடு இணைப்பது ஒன்று. அரசு அனுப்பும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று ஆதார் எண்ணுக்கு எதிரே வங்கி வழியாகக் குறிப்பது வேறொன்று. இரண்டும் முடிந்ததா என்று வங்கியில் கேட்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், "பணம் ஏறிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, கணக்குல இல்ல" என்ற புலம்பல் வரும். பணம் அநேகமாக வேறொரு பழைய கணக்கில் கிடக்கும்.

இரண்டாவது போன் பத்தாம் வகுப்பு முடிந்ததும். இங்கேதான் பெங்களூர்ச் சொந்தக்காரர்களின் தாராள மனம் அதிகம் கெடுதல் செய்கிறது. "நல்லா படிக்கிற புள்ள, கவர்மெண்ட் ஸ்கூல்ல ஏன் கிடக்கணும்? ரெண்டு வருஷ ஃபீஸ் நான் கட்டுறேன், பிரைவேட்ல போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். சொல்லும்முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலை அறிவியல் கல்லூரிக்குப் போனாலும், பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூன்று வருடப் படிப்பென்றால் 36,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த மாதத் தொகை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு இது எதுவும் கிடையாது. ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. மாமா கட்டும் கட்டணத்தைவிடப் பல மடங்கு கைநழுவிப் போகிறது.

புதுமைப் பெண் திட்டத்தின் பின்னணியையும் சொல்லியாக வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அது முன்பு திருமண உதவித் திட்டமாக இருந்தது: தாலிக்கு எட்டு கிராம் தங்கம், கையில் ரொக்கம். அதைத்தான் உயர்கல்விக்கான மாதத் தொகையாக மாற்றினார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மலையோரக் கிராமங்களில் பெண் பிள்ளைக்குப் படிப்பு நின்றால் அடுத்த பேச்சு கல்யாணம்தான். மாதாமாதம் அவள் பெயரில் உள்ள கணக்கில் விழும் ஆயிரம் ரூபாய் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடும் பலம் கொண்டது. பதினெட்டு வயதுக்குள் கல்யாண ஏற்பாடு நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். பெங்களூரில் இருந்தபடியும் செய்யலாம். சொந்தத்தில் மனக்கசப்பு வரும். வரட்டும்.

பிள்ளையை எட்டாவதிலோ பத்தாவதிலோ பெங்களூருக்கே அழைத்து வந்து பள்ளியில் சேர்ப்பதும் இதே வகையில்தான் போய் முடியும். தமிழ்நாட்டுச் சலுகைகள் அறுந்துபோகும். கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டுத் தொழிற்கல்வி இடத்துக்குப் பொதுவான விதி, அங்கே குறைந்தது ஏழு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் என்பது. எட்டாவதில் வந்து சேரும் பிள்ளை இரண்டாம் பி.யு.சி., அதாவது அங்கத்துப் பன்னிரண்டாம் வகுப்பு, முடிக்கும்போது ஐந்து வருடம்தான் ஆகியிருக்கும். சாதிச் சான்றிதழும் மாநில எல்லையைத் தாண்டி வேலை செய்யாது. தமிழ்நாட்டில் பெற்ற பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதிச் சான்றிதழ்களை வைத்துக் கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. எல்லையில் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி பத்து நிமிடம்தான். சட்டத்துக்கு அது இன்னொரு நாடு மாதிரி.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கு ஆசைப்படும் பிள்ளை இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தமிழ்வழிக் கல்விக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைப் பெற, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டப்படிப்பைப் பெங்களூரில் ஆங்கில வழியில் முடித்தால், பட்டதாரிகளுக்கான வேலைகளில் அந்த ஒதுக்கீடு போய்விடும். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான தொகுதி 4 போன்ற தேர்வில் அது தொடரும். இதைத் தெரிந்துகொண்டு பெங்களூரில் சேர்ந்தால் தப்பில்லை. இருபத்திரண்டு வயதில் விண்ணப்பம் நிரப்பும்போது முதல்முறையாகத் தெரியவருவதுதான் கொடுமை.

மூன்றாவது போன் ஜனவரி, பிப்ரவரியில். பிள்ளை பன்னிரண்டில் இருக்கும்போது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் அப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று படியேறும். மே மாதத்தில் விண்ணப்பித்தால் என்ன ஆகும்? ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அதே வாரத்தில் விண்ணப்பிப்பார்கள். அதுமட்டுமல்ல, வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குத் தணிக்கை, நடப்பது மே, ஜூன் மாதங்களில்தான். கிராமக் கணக்குகளோடு வி.ஏ.ஓ.க்கள் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சான்றிதழ் தாமதமாவதற்குப் பலரும் லஞ்சத்தை மட்டுமே காரணம் சொல்கிறார்கள். நாள்காட்டியும் ஒரு காரணம்.

முதல் பட்டதாரிச் சான்றில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு, அண்ணன், அக்கா விவரத்தை விட்டுவிடுவது. குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொருவரின் படிப்பையும் சொல்லி, வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வேறு அட்டைக்குப் போன அக்கா பட்டதாரியா, அவர் இந்தச் சலுகையைப் பயன்படுத்தினாரா என்பதும் கேள்வியில் வரும். இந்தச் சான்றால் வரும் கல்விக் கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகக் கிடைத்த இடத்துக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடையாது.

அடுத்து வரும் எட்டு வாரங்கள்தான் எல்லாவற்றிலும் முக்கியம்: மே முதல் வாரத்திலிருந்து ஜூன் கடைசி வரை. பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, அரசுக் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்க்கை எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் அடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதே வாரங்களில்தான் மாம்பழ சீசனும். மண்டிகளிலும் மாங்கூழ் ஆலைகளிலும் தினக்கூலிக்கு ஆள் தேடுவார்கள். பரீட்சை முடித்த பையன் கையில் அன்றாடம் காசு வரும்போது, கணினி மையத்துக்குப் போய் வரிசையில் நிற்க மனம் வராது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று விட்ட படிப்பு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. இதில் பையனைத் திட்டிப் பயனில்லை. வீட்டுக்கு அந்தக் கூலி தேவைப்படுகிறது. பெங்களூர் மாமா கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்: இரண்டு வாரக் கூலியை வீட்டுக்கு அனுப்பி, பையனை விண்ணப்ப வேலைக்கு விடுவிப்பது. கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை.

பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200-க்குத் தரவரிசை. பதிவுக் கட்டணம் 500 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. விருப்பக் கல்லூரிகளைப் பதியும் இடத்தில்தான் கிராமப் பிள்ளைகள் அதிகம் தோற்கிறார்கள். தெரிந்த பத்துக் கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. கட்-ஆஃபுக்கு மேலே உள்ள கல்லூரிகள் கொஞ்சம், ஒத்துவருபவை நிறைய, கண்டிப்பாகக் கிடைக்கக்கூடியவை கடைசியில் என்று நூறு வரைகூடப் போகலாம். வரிசை முக்கியம், மேலே போட்டது கிடைத்தால் கீழே உள்ளதைக் கணினி பார்க்காது. பர்கூர், சேலம், தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரிகளை இந்தப் பகுதிப் பிள்ளைகள் "ஊருக்குப் பக்கம்தானே" என்று அலட்சியமாகக் கீழே தள்ளுவதைப் பார்க்கலாம். சேலம் கல்லூரி 1966-இல் தொடங்கியது, பர்கூர் 1994-இல். தொலைவில் இருக்கும் பெயர் தெரியாத தனியார் கல்லூரிக்கு மேலே இவற்றைப் போடுவதே புத்திசாலித்தனம். இடம் ஒதுக்கியபின் ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன் என்பது போன்ற தெரிவுகள் வரும். அவற்றுக்குக் கெடு சில நாட்களே. மாங்காய் லாரியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்தக் குறுஞ்செய்தி கண்ணில் படாது. பதிவில் கொடுக்கும் கைப்பேசி எண் வீட்டில் யாராவது தினமும் பார்க்கும் எண்ணாக இருக்கட்டும்.

ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு வருடம் வீணாகிவிடவில்லை என்பதை அன்றைக்கே சொல்ல வேண்டும். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வரும். தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். விண்ணப்பிக்கும் கெடு, முடிவு வந்த ஓரிரு வாரத்துக்குள். வெட்கத்தில் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் கெடு முடிந்துபோகிறது. மனம் உடைந்த பிள்ளைக்கு 104, 14416 இரண்டு எண்களிலும் பேச ஆள் உண்டு. பள்ளிக்கல்வி சந்தேகங்களுக்கு 14417.

எல்லோரும் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அரசு ஐ.டி.ஐ. மிக நல்ல வழி. அதை "படிக்காதவன் போற இடம்" என்று பேசும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம், எட்டாம் வகுப்பு போதும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்து அட்டையும் உண்டு. 2023 முதல் 71 அரசு ஐ.டி.ஐ.கள் புதிய எந்திரங்களோடு தரம் உயர்ந்திருக்கின்றன. பெங்களூரின் பீனியா, பொம்மசந்திரா, ஜிகணிப் பட்டறைகளில் கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம் தெரிந்த டர்னருக்கும், வெறும் பன்னிரண்டாம் வகுப்போடு வரும் 'ஹெல்பருக்கும்' தொடக்கச் சம்பளத்தில் வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும். ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள். ஹெல்பர் இன்னும் ஹெல்பராகவே இருப்பார்.

பெங்களூரில் பட்டறையிலோ ஆலையிலோ மேற்பார்வையாளராக இருக்கும் தமிழர்கள் தொழிற்பழகுநர் முறையை, அதாவது அப்ரண்டிஸ் என்பதை, நன்றாகப் பயன்படுத்தலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் இந்த முறையில் 2019 திருத்தம் குறைந்தபட்ச உதவித்தொகையைப் பத்தாம் வகுப்புக்கு மாதம் 6,000, பன்னிரண்டுக்கும் ஐ.டி.ஐ.க்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தது. அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-இல் வந்தது. தொகை குறைவுதான். ஆனால் முடிவில் கிடைக்கும் சான்றிதழ் அடுத்த வேலைக்குக் கதவு திறக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகி, ஒப்பந்த எண் கையில் வந்திருக்க வேண்டும். 'டிரெய்னி' என்று வாயால் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் எந்திரத்தில் நிறுத்துவது வேறு. அதில் சான்றிதழ் எதுவும் வராது.

இனி, கிளம்பி வந்துவிட்ட பிள்ளையின் முதல் 90 நாள். பணக் கணக்கை ஊரிலேயே போட்டுவிட வேண்டும். பெங்களூரில் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு மேல்தான் வரும். மாதக் கடைசியில் சேர்ந்தால் அந்தச் சில நாள் சம்பளம் அடுத்த மாதக் கணக்கோடு சேர்ந்துவிடும். ஆக, நாற்பது, நாற்பத்தைந்து நாள் கையிருப்பில் ஓட்ட வேண்டும். மூன்று, நான்கு பேர் தங்கும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறையில் சாப்பாட்டோடு ஒரு படுக்கை 6,000-லிருந்து 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 14,000 அளவு. முன்பணம் ஒரு 5,000. பேருந்து, கைப்பேசி, காலணி, ஒரு காய்ச்சல் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் இல்லாமல் வருவது சரியில்லை. இந்தத் தொகை இல்லாத பையன்தான் வந்த மூன்றாம் வாரத்தில் கைப்பேசிக் கடன் செயலிக்குப் போகிறான். முன்பணத்தில் 'பராமரிப்பு' என்று எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்லிக் காலி செய்ய வேண்டும் என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். தனி வீடு எடுத்தால் ஐந்து முதல் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் இந்த ஊரில் உண்டு. புதிதாக வந்தவருக்கு அது கட்டுப்படியாகாது.

சம்பளம் பேசும்போது 'சி.டி.சி.' என்ற சொல் வரும்; ஓர் ஆளுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு அது. ஊர்ப் பிள்ளை அதைக் கைக்கு வரும் காசு என்று நினைத்து வீட்டில் சொல்லிவிடும். ஓர் எடுத்துக்காட்டு: மொத்தச் சம்பளம் 17,000, அதில் அடிப்படை 12,000. பிள்ளையிடம் பிடிக்கும் வைப்பு நிதி 12 சதவீதம், 1,440. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 128. கைக்கு வருவது 15,432. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 1,440 வைப்பு நிதியும் 3.25 சதவீத இ.எஸ்.ஐ.யான 553-ம் சேர்த்து 18,993 என்று சி.டி.சி.யில் எழுதுவார்கள். "பத்தொன்பதாயிரம்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்று முதல் மாதமே வேலையை விட்டு ஓடிவரும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிடித்தம் அவர்களுடைய சேமிப்பும் மருத்துவமும்தான். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு; ராஜாஜிநகர், பீனியா, இந்திராநகர் ஆகிய இடங்களில் அதன் மருத்துவமனைகள் இருக்கின்றன. உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் நடக்கும்: பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது. வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, இரண்டாம் மாதமே கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. வாழ்நாள் முழுக்க ஒரே எண்.

அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்கக் கூடாது. காட்டலாம், நகல் கொடுக்கலாம், உடனே திரும்ப வாங்கிவிட வேண்டும். கல்லூரிகளே அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. வேலைக்குச் சேரப் பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்ல. இன்னொரு புதிய வலையும் விரிந்திருக்கிறது: "உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் ஒரு மாசம் குடு, பத்தாயிரம் தர்றோம்." அந்தக் கணக்கில் புழங்குவது இணைய மோசடியில் யாரிடமோ பறித்த பணம், வழக்கு கணக்கின் சொந்தக்காரர் மேல்தான் முதலில் வரும். கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கியில் அட்டையை முடக்கி, இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும்.

பத்தாவது பாஸ் ஆனதற்குப் பைக் வாங்கித் தரும் மாமாக்களுக்கு ஒரு சொல். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. ஓட்டுநர் வேலையும் டெலிவரி வேலையும் அவனுக்கு ஏழு வருடம் மூடிப்போகும். அதைவிட, மாநில நெடுஞ்சாலையில் இரவில் தலைக்கவசம் இல்லாமல் போகும் பதினாறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பெங்களூரைச் சுற்றி ஏற்கெனவே நடந்த ஒன்றும் இங்கே பாடமாகும். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி அன்றாடம் பெங்களூர் வேலைக்கு வந்து திரும்பினார்கள். இன்றும் வருகிறார்கள். போக வர நாலைந்து மணி நேரம் ரயிலில் கழியும். வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு, ஊர் உறவு விடவில்லை. ஆனால் மாலையில் ஒரு பயிற்சி வகுப்புக்கோ நூலகத்துக்கோ விளையாட்டுக்கோ நேரமே இல்லாமல் போகும். ஜோலார்பேட்டை, ஓசூர்ப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் பயணச் செலவோடு இந்த நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியபின், ஓசூரில் தங்கித் தெற்குப் பெங்களூரில் வேலை பார்ப்பது முன்பைவிடக் கொஞ்சம் எளிது.

வரும் பிள்ளைக்குக் கன்னடம் கற்றுக்கொடுங்கள். ஊரில் இருக்கும்போதே போனில் தொடங்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே காதில் விழுந்த மொழி. மற்றவர்களுக்கு இரண்டு விதி சொன்னால் பாதி பயம் போய்விடும். தமிழில் சொல்லின் முதலில் வரும் 'ப' கன்னடத்தில் பல இடங்களில் 'ஹ' ஆகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. தமிழின் 'வ' அங்கே 'ப' (ஆங்கில b ஒலி) ஆகும்: வா என்பது பா, வேர் என்பது பேரு, விலை என்பது பெலெ, வேண்டும் என்பது பேகு. எழுத்தைப் படிக்க மூன்று வாரம் போதும். பேருந்துப் பலகையைத் தானே படிக்கும் பிள்ளை, வேலையிடத்தில் மேஸ்திரி சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு திட்டு வாங்குவதும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆறு மாதத்தில் "மாமா, நான் திரும்பப் படிக்கப் போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், தடுக்காதீர்கள். வழி மூடவில்லை. பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். அதற்கு மாற்றுச் சான்றிதழ் அசலாகக் கையில் இருக்க வேண்டும், வருமானச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் – பழையது ஒரு வருடம்தான் செல்லும் – மே மாதத்துக்கு முன்னால் ஊரில் இருக்க வேண்டும். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் நின்றால் கிருஷ்ணகிரி வண்டி இரவு முழுக்க வரும்.